இருளில் கணக்குப் போட்ட மேதை ஆய்லர்

கடலையே காணாத ஓர் இளைஞர். கப்பலில் ஏறியதில்லை. பாய்மரத்தைத் தொட்டதும் இல்லை. ஆனாலும், கப்பலில் பாய்மரத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் நல்லது என்று கணக்குப் போட்டு, பாரிஸ் நகரத்துப் பண்டிதர்களுக்கு அனுப்பி வைத்தார். அப்போது அவருக்கு வயது 19!

குலசேகரன்பட்டினம் ஒரு காலத்தில் பாய்மரத் தோணிகள் வந்து நின்ற பழைய துறைமுகம். அந்தக் கரையில் பிறந்த பிள்ளைக்குப் பாய்மரத்தைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இளைஞர் பிறந்த சுவிட்சர்லாந்து நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. சுற்றிலும் மலைதான்.

அவர்தான் லியோனார்டு ஆய்லர். உலகம் கண்ட கணித மேதைகளில் முன்வரிசையில் இருப்பவர்.

நீளமான, மெல்லிய ஒரு பொருளின் தலையில் பாரம் ஏற்றினால், அது எப்போது வளையும்? இந்தச் சின்னக் கேள்விக்கு அவர் விடை கண்டார். அந்த விடையால் அவர் காலத்தில் எவருக்கும் பெரிய பயன் இல்லை. சுமார் 200 ஆண்டுகள் சென்றபின், பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கில் துளை போட்டு எண்ணெய் எடுக்கிறவர்களுக்கு அதே விடை தேவைப்பட்டது. அதற்கு இடையில் அவர் பட்ட துன்பங்களோ பல. அவற்றில் பெரியது, இரண்டு கண்களையும் இழந்தது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ஆய்லர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி பாசல் நகரத்தில் பிறந்தார். தந்தை பால் ஆய்லர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். நகரத்தை அடுத்த ரீஹன் என்ற கிராமத்தில் குடும்பம் வசித்தது. தந்தைக்கும் கணிதத்தில் ஆசை உண்டு. மகனுக்கு முதல் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவரே.

13-வது வயதில் ஆய்லர் பாசல் சர்வகலாசாலையில் சேர்ந்தார். மகனும் தம்மைப் போலப் பாதிரியாராக வேண்டும் என்பது தந்தையின் எண்ணம். பிள்ளையின் மனமோ கணக்கிலேயே இருந்தது.

அந்தச் சர்வகலாசாலையில் ஜோஹான் பெர்னூலி என்ற பேராசிரியர் இருந்தார். ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றவர். தனியாகப் பாடம் நடத்த அவருக்கு நேரம் இல்லை. ஆகவே கடினமான சில புத்தகங்களின் பெயரைச் சொல்லி, அவற்றைத் தாமாகவே படிக்கும்படி ஆய்லரிடம் கூறினார். புரியாத இடம் இருந்தால் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார்.

பெரியவரை அடிக்கடி தொந்தரவு செய்யக் கூடாது என்று ஆய்லர் நினைத்தார். வாரம் முழுவதும் தாமே முட்டி மோதிப் பார்ப்பார். ஒரு முடிச்சு அவிழ்ந்தால், அதோடு சேர்ந்து பத்து முடிச்சுகள் தாமாகவே அவிழ்ந்துவிடும். மிச்சம் இருப்பதை மட்டும் சனிக்கிழமை கொண்டுபோவார். இப்படித் தானாகப் படிக்கும் பழக்கம் அவருக்கு அங்கே வந்தது. பிற்காலத்தில் கண் போனபோது அவரைக் காப்பாற்றியது இந்தப் பழக்கமே.

பையனின் திறமையைக் கண்ட பெர்னூலி, தந்தையிடம் எடுத்துச் சொன்னார். தந்தையும் சம்மதித்தார். பாதிரியார் வேலை கைவிடப்பட்டது.

பாரிஸ் விஞ்ஞானக் கழகம் ஆண்டுதோறும் ஒரு போட்டி வைப்பது வழக்கம். 1727-ஆம் ஆண்டுக்குப் பாய்மரம்தான் பொருள். ஆய்லரும் எழுதி அனுப்பினார். முதல் பரிசு பூகேர் என்ற பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தது. அவர் கடற்கரை ஊரில் பிறந்தவர். கப்பல் கலையில் தேர்ந்தவர். கடலைக் காணாத ஆய்லருக்கு அடுத்தபடியான பாராட்டுக் கிடைத்தது. அதே பாரிஸ் பரிசைப் பிற்காலத்தில் அவர் 12 முறை பெற்றார்.

ரஷியாவில் ஒரு கண் போயிற்று

சொந்த ஊரில் ஆய்லருக்கு வேலை கிடைக்கவில்லை. பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் போட்டார்; மிகவும் இளைஞர் என்று கருதினார்களோ என்னவோ, தேர்ந்தெடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் ரஷியாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் புதிய விஞ்ஞானக் கழகம் தொடங்கியிருந்தார்கள். பெர்னூலியின் மகன் டேனியல் அங்கே பணியாற்றினார். அவர் முயற்சியால் ஆய்லருக்கு அழைப்பு வந்தது.

1727 ஏப்ரலில் ஆய்லர் புறப்பட்டார். மே 17-ந் தேதி பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். விதியைப் பாருங்கள்! கழகத்தை ஆதரித்த சக்கரவர்த்தினி முதலாம் காதரீன் அன்றைக்கே காலமானார். கழகம் நிலைக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்காக ஆய்லர் சிறிது காலம் ரஷியக் கடற்படையில் வேலை பார்த்தார். கடலைக் காணாதவருக்குக் கடற்படையே சோறு போட்டது.

பிறகு நிலைமை சீர்பட்டது. 1733-இல் டேனியல் ஊர் திரும்பவே, கணிதப் பேராசிரியர் பதவி ஆய்லருக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 26. மறு ஆண்டு ஜனவரியில், ஓவியர் ஒருவரின் மகளான காதரீனா செல் என்ற பெண்ணை மணந்தார். இவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் 13. பிழைத்து வளர்ந்தவை ஐந்துதான். ஒரு குழந்தை மடியில் இருக்க, மற்றவை சுற்றிலும் விளையாட, அதற்கு நடுவிலேயே அவர் கணக்கு எழுதுவாராம்.

1735-இல் கடுமையான காய்ச்சல் கண்டது. உயிர் தப்பியதே பெரிது. 1738-இல் வலக்கண் பார்வை போயிற்று. ரஷிய நாட்டு நிலப்படங்களை இரவும் பகலும் பார்த்துத் திருத்தியதுதான் காரணம் என்று அவர் நம்பினார். ஆனால் அழுது கொண்டிருக்கவில்லை. இனிக் கவனம் சிதறாது என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டார்.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கம் பார்த்தவர்

அதே 1738-ஆம் ஆண்டில் நமக்குப் பெருமை தரும் ஒரு காரியமும் நடந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் பேயர் என்ற அறிஞர் இருந்தார். கீழ்நாட்டு மொழிகளில் ஆர்வம் கொண்டவர். நம் தரங்கம்பாடியில் இருந்த பாதிரிமார்களோடு அவருக்குக் கடிதப் போக்குவரத்து உண்டு. அவர்களில் ஒருவரான வால்த்தர் இந்தியர்கள் காலத்தைக் கணக்கிடும் முறையைப் பற்றி எழுதி அனுப்பினார். பேயரின் புத்தகத்தில் அது வெளியாயிற்று. அதே புத்தகத்தில், இந்தியர்களின் சூரிய வருஷத்தைப் பற்றி ஆய்லர் எழுதிய குறிப்பும் வெளியாயிற்று.

நம் பஞ்சாங்க வருஷம் 365 நாள், 6 மணி, 12 நிமிஷம், 30 விநாடி. ஐரோப்பியர் கணக்கைவிட இது நீளம். இது பிழையா? இல்லை என்பதை ஆய்லர் கண்டார். ஐரோப்பியர் பருவங்களை வைத்து வருஷத்தை அளக்கிறார்கள். இந்தியரோ சூரியன் அதே நட்சத்திரத்துக்குத் திரும்பி வரும் காலத்தை அளக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு அளவுகள். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து போன ஒரு கணக்கு, ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மூளையிடம் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

ஈர்க்குச்சி சொல்லும் பாடம்

1741-இல் பிரஷ்ய மன்னர் பிரெடரிக் அழைத்தார். ஆய்லர் பெர்லின் நகரம் சென்று 25 ஆண்டுகள் வாழ்ந்தார். மன்னருக்கு வாய்ச் சாதுரியம் பிடிக்கும். ஆய்லரோ அமைதியானவர், வீட்டில் மாலைதோறும் குடும்பத்தோடு பிரார்த்தனை செய்பவர். மன்னர் அவருடைய ஒற்றைக் கண்ணைக் கேலி செய்து கடிதம் எழுதியதும் உண்டு. ஆய்லர் அதைப் பொருட்படுத்தாமல் வேலையைப் பார்த்தார்.

பெர்லினில்தான் அந்தக் கேள்வி அவரைப் பிடித்தது. 1744-இல் வெளியான ஒரு நூலின் பின்னிணைப்பில், வளையும் பொருள்களைப் பற்றி எழுதினார். 1757-இல் தூண்களின் வலிமையைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார்.

அவர் கண்டது என்ன? வீட்டிலேயே பார்த்துவிடலாம். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவுங்கள். விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒடித்து, தரையில் நிறுத்தி, தலையில் விரலை வைத்து அமுக்குங்கள். அது நேராக நின்று எதிர்க்கும். இப்போது முழு ஈர்க்குச்சியையும் அப்படியே நிறுத்தி அமுக்குங்கள். தொட்டதுமே வில்லாக வளைந்துவிடும். குச்சி ஒன்றுதான், கனமும் ஒன்றுதான். நீளம் மட்டுமே வேறு.

நீளம் கூடக் கூடத் தாங்கும் சக்தி எப்படிக் குறைகிறது என்பதை ஆய்லர் கணக்கில் காட்டினார். ஒரு கழி 36 கிலோ பாரத்தைத் தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பருமனில் இரண்டு மடங்கு நீளமான கழி 18 கிலோ தாங்கும் என்று நாம் நினைப்போம். அதுதான் இல்லை. 9 கிலோதான் தாங்கும். மூன்று மடங்கு நீளமானால் 4 கிலோதான்.

இன்னொன்றையும் அவர் கண்டார். குச்சி நசுங்குவது வேறு, வளைவது வேறு. நசுங்குவதற்கு நெடுநேரம் முன்பே, உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல், நீளமான குச்சி பக்கவாட்டில் சாய்ந்து கொடுத்துவிடுகிறது. ஓர் அளவு வரை நேராக நிற்கும். அந்த அளவைத் தாண்டியதும் திடீரென்று வளையும். அந்த அளவு எது என்பதே ஆய்லரின் விதி.

அக்காலத்துக் கொத்தர்களுக்கும் தச்சர்களுக்கும் இதில் பயன் தெரியவில்லை. அவர்களுடைய தூண்கள் கல்லால் ஆனவை. குட்டையாகவும் தடியாகவும் இருந்தவை. அவை வளைவதே இல்லை. ஆகவே ஆய்லரின் விதி புத்தகத்திலேயே உறங்கிற்று.

முழுக் குருடான பிறகு

1766-இல் ஆய்லர் மீண்டும் ரஷியாவுக்கே போனார். இரண்டாம் காதரீன் சக்கரவர்த்தினி மரியாதையோடு வரவேற்று, வீடு வாங்கவும் உதவினார். ஆனால் சோதனை விடவில்லை. மிஞ்சியிருந்த இடக்கண்ணில் புரை விழுந்தது.

1771-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெரிய தீ விபத்து. ஆய்லரின் வீடும் பற்றிக்கொண்டது. பார்வையற்ற முதியவர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார். பாசல் நகரத்தைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்ற தொழிலாளி நெருப்புக்குள் பாய்ந்து, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். புத்தகங்கள் எரிந்தன, கையெழுத்துப் பிரதிகள் தப்பின.

அதே ஆண்டில் கண்ணுக்கு ரண சிகிச்சை நடந்தது. பார்வை வந்தது! குடும்பமே மகிழ்ந்தது. சில நாள்தான். கண்ணில் சீழ் பிடித்து, மறுபடியும் இருள் சூழ்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 40 ஆண்டுகள் கூட வாழ்ந்த மனைவியும் இறந்தார்.

வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆய்லர் உட்காரவில்லை. பெரிய மேஜை ஒன்றின் மேல் கற்பலகை வைத்து, அதில் பெரிது பெரிதாகச் சுண்ணக்கட்டியால் எழுதுவார். மகனும் மாணவர்களும் சுற்றி நின்று, அவர் சொல்வதைக் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள். தையல் தொழில் பழகிய ஒரு பையனிடம் அவர் ஒரு அல்ஜீப்ராப் புத்தகத்தையே வாயால் சொல்லி எழுதச் செய்தார். கணக்கே தெரியாத அந்தப் பையன், எழுதி முடிப்பதற்குள் அல்ஜீப்ரா கற்றுக்கொண்டான். அவ்வளவு தெளிவாக அது அமைந்தது.

ஒரு முறை இரண்டு மாணவர்கள் நீண்ட கூட்டல் ஒன்றைப் போட்டார்கள். விடையில் 50-வது இலக்கத்தில் இருவருக்கும் ஒன்று வித்தியாசம் வந்தது. ஆய்லர் முழுக் கணக்கையும் மனத்துக்குள்ளேயே போட்டு, யாருடையது சரி என்று சொல்லிவிட்டார்.

அவர் வாழ்நாளில் செய்த வேலையில் ஏறத்தாழப் பாதி, ரஷியா திரும்பியபின் செய்தது என்றால் நம்ப முடிகிறதா?

அந்த இருண்ட காலத்திலும் பழைய கேள்வி அவரை விடவில்லை. தலையில் பாரம் இல்லாவிட்டாலும், தன் எடையாலேயே ஒரு தூண் வளையுமா? எவ்வளவு உயரம் போனால் வளையும்? 1770-களின் பிற்பகுதியில் இதைப் பற்றி அடுத்தடுத்து மூன்று கட்டுரைகள் சொல்லி எழுதுவித்தார். முதலில் கிடைத்த விடை அவருக்கே விசித்திரமாகப் பட்டது. விடாமல் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார். ஆயினும் முடிச்சு முழுவதும் அவிழவில்லை. 1881-இல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயர்தான் அதை அவிழ்த்தார். ஒரு கம்பமோ பாய்மரமோ மரமோ எவ்வளவு உயரம் வரை வளையாமல் நிற்கும் என்று அவர் கணக்கிட்டார். பாய்மரத்தில் ஆரம்பித்த கதை மறுபடியும் பாய்மரத்துக்கே வந்தது.

1783 செப்டம்பர் 18-ந் தேதி. அந்த ஆண்டுதான் பிரான்சில் முதன்முதலாக வெப்பக் காற்றுப் பலூன் பறந்திருந்தது. பலூன் எப்படி மேலே ஏறுகிறது என்று ஆய்லர் கற்பலகையில் கணக்குப் போட்டார். மாணவரோடு, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸ் கிரகத்தைப் பற்றிப் பேசினார். பேரக்குழந்தையோடு விளையாடிக் கொண்டிருந்தபோது மூளையில் ரத்தக் குழாய் வெடித்துச் சாய்ந்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. வயது 76.

பூமிக்குள் ஒரு நூல்

இனி, அவருடைய விதி விழித்தெழுந்த கதை.

நம் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறு போட ரிக் லாரி வருகிறது. இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிக் கோத்து உள்ளே இறக்குகிறார்கள். நுனியில் 'பிட்' என்னும் துளைமுனை இருக்கிறது. எண்ணெய்க் கிணறும் இதே போலத்தான். ஆனால் ஆழம் மிக அதிகம். காவிரிப் படுகையில் நரிமணம் முதலிய இடங்களில் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் இத்தகைய கிணறுகளைத் தோண்டியிருக்கிறது.

3,000 மீட்டர் ஆழக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு குழாயின் நீளம் சுமார் 9 மீட்டர். அப்படியானால் 330-க்கும் மேற்பட்ட குழாய்களைக் கோக்க வேண்டும். குழாயின் பருமனோ சுமார் 12 சென்டிமீட்டர்தான். பருமனைப் போல 25,000 மடங்கு நீளம்! ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள நூலை 25 மீட்டர் நீளத்துக்குத் தொங்கவிட்டால் எப்படியோ, அப்படி. உருக்குக் குழாயானாலும், அந்த நீளத்தில் அது வெறும் நூல்தான்.

இந்த நூலைக் கொண்டு பாறையைத் துளைக்க வேண்டும். துளைமுனை பாறையைக் கடிக்க வேண்டுமானால், அதன்மேல் பல டன் பாரம் அழுத்த வேண்டும். மேலேயிருந்து அழுத்தினால்? ஈர்க்குச்சி கதைதான். குழாய் உள்ளே பாம்புபோல் நெளியும். இன்னும் அழுத்தினால் கொடிபோல் சுருண்டு, துளையின் சுவரில் உராயும்.

வளைந்த குழாயால் இரண்டு தீமைகள். முதலாவது, துளை கோணலாகப் போகும். 1920-களில் அமெரிக்க எண்ணெய் வயல்களில் நேராகத் தோண்டியதாக நினைத்த பல கிணறுகள் கோணல் என்று தெரிய வந்தது. இரண்டாவது தீமை அதைவிடப் பெரியது. வளைந்த குழாய் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் மடங்குகிறது. நிமிஷத்துக்கு 100 சுற்று என்றால், ஒரே நாளில் 1,44,000 முறை. கம்பியைக் கையால் மடக்கி மடக்கி ஒடிப்பது போலக் குழாய் ஒடிந்துவிடும்.

ஒடிந்த குழாய் பாதாளத்தில் கிடக்கும். அதை எடுக்காமல் மேலே வேலை நடக்காது. நீளக் குழாயின் நுனியில் கவ்வும் கருவியைக் கட்டி, கண்ணால் பார்க்க முடியாத ஆழத்தில் துழாவித் துழாவிப் பிடிக்க வேண்டும். எண்ணெய்த் தொழிலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? மீன்பிடித்தல்! நாட்கணக்கில் மீன் பிடித்தும் அகப்படாமல் கிணற்றையே கைவிடுவதும் உண்டு.

முத்துக்குளிப்பவரின் கல்

இதற்கு வழி என்ன? தூத்துக்குடிக் கரைக்காரர்களுக்கு அது எளிதில் விளங்கும்.

முத்துக்குளிப்பவர்கள் அந்நாளில் கயிற்றில் கனமான கல்லைக் கட்டி, அதன்மேல் கால் வைத்து, பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். கல் கீழே இழுக்கும்வரை கயிறு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். கல் தரையில் உட்கார்ந்தபின்னும் கயிற்றை விட்டுக்கொண்டே போனால், கயிறு துவண்டு சுருளும். இழுக்கப்படும் பொருள் நேராக இருக்கும். அழுத்தப்படும் பொருள்தான் வளையும்.

எண்ணெய்க் கிணற்றிலும் இதையே செய்தார்கள். குழாய்க் கோவை முழுவதையும் மேலே உள்ள இரும்புக் கோபுரத்தின் கொக்கியில் தொங்கவிட்டார்கள். மொத்த எடை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். கொக்கி 90 டன்னைத் தாங்கும். மீதி 10 டன் மட்டும் பாறைமேல் உட்காரும். இப்போது மேல் பகுதி இழுக்கப்பட்டு நேராக நிற்கிறது. அந்த 10 டன் அமர்ந்திருக்கும் அடிப்பகுதி மட்டுமே அழுத்தப்படுகிறது. இழுப்பு முடிந்து அழுத்தம் ஆரம்பிக்கும் ஓர் இடம் நடுவில் உண்டு. அந்த இடத்தைச் சரியாக வைப்பதில்தான் சூட்சுமம்.

மெல்லிய குழாய் மீட்டருக்குச் சுமார் 29 கிலோ எடை. அதைக் கொண்டே 10 டன் சேர்க்க 340 மீட்டருக்கு மேல் வேண்டும். அவ்வளவு நீளமும் அழுத்தத்தில் இருந்தால் கட்டாயம் வளையும். ஆகவே அடியில் மட்டும் தடித்த, கனத்த குழாய்களைப் பொருத்தினார்கள். இவற்றுக்குக் 'காலர்' என்று பெயர். மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள காலர்களும் உண்டு. அவை 50 மீட்டர் இருந்தாலே 10 டன் வந்துவிடும். நீளம் குறைவு, பருமன் அதிகம். ஈர்க்குச்சியின் குட்டைத் துண்டைப் போல் அவை எதிர்த்து நிற்கும். சேற்றுக் குழம்பில் மூழ்கும்போது குழாய்களின் எடை குறைவதால், சில காலர்களைக் கூடுதலாகவே சேர்ப்பார்கள்.

எத்தனை காலர் வேண்டும், எவ்வளவு பாரம் வைத்தால் வளையும் என்பதை 1950-இல் ஆர்தர் லுபின்ஸ்கி என்ற பொறியாளர் தெளிவாகக் கணக்கிட்டு வெளியிட்டார். அமெரிக்காவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். தன் எடையையே தான் சுமந்து நிற்கும் நீளமான கம்பம் எப்போது வளையும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு. கண்ணிழந்த ஆய்லர் கற்பலகையில் தடவித் தடவிப் போட்டுப் பார்த்ததும் அதே இனக் கணக்குத்தானே! பாய்மரத்துக்குப் பதில் இப்போது பாதாளக் குழாய்.

நீளமான குழாய்க்கு முறுக்கும் ஒரு தொல்லை. மேலே யந்திரம் சுழற்றினால் கீழே துளைமுனை உடனே சுழல்வதில்லை. ஆழக் கிணற்றில், மேல்முனை பல சுற்று முன்னே போய்விடும். குழாய் முறுக்குக் கயிறு போல் முறுக்கேறும். துளைமுனை பாறையில் சிக்கினால் முறுக்கு மேலும் ஏறி, சட்டென்று விடுபட்டுப் படுவேகத்தில் சுழலும். அதுவும் குழாயை ஒடிக்கும்.

ரஷியாவின் வடகோடியில் கோலா என்ற இடத்தில், விஞ்ஞான ஆராய்ச்சிக்காக 1970-இல் ஒரு துளை போடத் தொடங்கினார்கள். 1989-இல் அது 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. 12 கிலோமீட்டருக்கும் மேல்! அவ்வளவு நீளக் குழாய் முழுவதையும் மேலேயிருந்து சுழற்றுவதில்லை என்று தீர்மானித்தார்கள். சேற்றுக் குழம்பை வேகமாக உள்ளே செலுத்தி, அந்த வேகத்தால் அடியில் உள்ள துளைமுனையை மட்டும் சுழல வைத்தார்கள். எடை குறைய, அலுமினியக் கலவையால் குழாய் செய்தார்கள். ஆய்லர் உழைத்து மறைந்த அதே நாட்டில் அந்தத் துளை இருக்கிறது.

வானத்துக்கும் அதே விதி

பாதாளத்துக்குச் சொன்னது ஆகாயத்துக்கும் பொருந்தும். குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏவினால், இலங்கைக்கு மேலே போகாமலிருக்கச் சுற்றுவழி தேட வேண்டியதில்லை. சிறு செயற்கைக் கோள்களை ஏற்றும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்காக அமைவது அந்தத் தளம். அந்த ராக்கெட்டின் உயரம் 34 மீட்டர். குறுக்களவு 2 மீட்டர். எடை சுமார் 120 டன். அடியிலிருந்து நெருப்பு தள்ளுகிறது. மேலே பாரம் அழுத்துகிறது. நடுவில் இருக்கும் மெல்லிய உடல் வளைந்துவிடக் கூடாது. இதையும் பொறியாளர்கள் முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்த்தாக வேண்டும். அந்தக் கணக்கின் அடிவேர் 1757-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது.

ஆய்லரின் எழுத்துகள் 850-க்கும் அதிகம். அவர் இறந்தபின் பல பத்தாண்டுகள் வரை பீட்டர்ஸ்பர்க் கழகம் அவருடைய கட்டுரைகளை அச்சிட்டுக்கொண்டே இருந்தது. அவர் பிறந்த சுவிட்சர்லாந்து தன் 10 பிராங்கு நோட்டில் ஒரு காலத்தில் அவர் படத்தை அச்சிட்டுப் பெருமை கொண்டது.

இந்தக் கணக்கால் யாருக்கு என்ன லாபம் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், குச்சி வளைவதைப் பற்றி எழுதியே இருக்க மாட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தைக் கண்டு, இது எதற்கு உதவும் என்று சலித்துக்கொள்ளும்போது, பெற்றோர் ஓர் ஈர்க்குச்சியை எடுத்து அமுக்கிக் காட்டலாம். அந்தச் சிறு வளைவில், கண் இல்லாமலும் ஒருவர் கண்ட உண்மை இருக்கிறது.